வீல்சேரும் முழங்கால் வலியும் நேரோபோட்டும்: இங்கிலாந்துக் கால்வாய் விடுமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நேரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, இரவானால் கரையில் கட்டிவிட்டுத் தூங்கலாம். ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பதால் நடப்பவர் கூடவே வரலாம். வீட்டில் நடக்கச் சிரமப்படுகிறவர் ஒருவர் இருந்தால் இதெல்லாம் சரிப்படுமா? நான் மாமியாரோடு ஒரு முறையும், வீல்சேரில் இருக்கும் நண்பரோடு இரண்டு முறையும் போய்வந்தவன். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே.

நேரோபோட் ஏன் இவ்வளவு ஒடுக்கம்? கொஞ்சம் அகலமாகக் கட்டினால் என்ன?

கட்டலாம், ஆனால் பாதிக் கால்வாய்களுக்குள் அது நுழையாது. 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயை வகுத்தபோது, அதன் பெரும்பாலான லாக்குகளை (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை) ஏறத்தாழ 7 அடி அகலத்தில் வைத்தார். தண்ணீரும் கல்லும் காசும் மிச்சம். பின்னால் வந்த மிட்லண்ட்ஸ் (நடு இங்கிலாந்து) கால்வாய்கள் பலவும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. அதனால் இன்றைக்கும் படகின் வெளி அகலம் 6 அடி 10 அங்குலம், அதாவது 2.08 மீட்டர். நீளம் மட்டும் 70 அடி வரை போகும். சுவரும் உள்பலகையும் போக, நமக்குக் கிடைப்பது சுமார் 1.8 மீட்டர். அந்த அகலத்துக்குள்தான் சமையலறை, கழிப்பறை, கட்டில், அவற்றைக் கடந்து போகும் நடைவழி எல்லாமே. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு அளவிலிருந்துதான் பிறக்கிறது.

சாதாரண வாடகைப் படகில் வீல்சேரோடு போக முடியுமா?

முடியாது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பின்பக்கம் ஏறினால், மேல்மூடியைத் தள்ளித் திறந்து செங்குத்தான மூன்று நான்கு படிகள் கீழே இறங்க வேண்டும். அவை ஏணிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு ரகம். முன்பக்கம் கொஞ்சம் எளிது, ஆனால் அங்கேயும் படகின் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்து, சின்ன இரட்டைக் கதவு வழியாகக் குனிந்து இறங்க வேண்டும். உள்ளே போய்விட்டாலும் கழிப்பறையை ஒட்டிய நடைவழி 60 செ.மீ. இருந்தால் அதிகம். பெரியவர்களுக்கான வீல்சேரே பொதுவாக அதைவிட அகலம். திருப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாற்காலியைக் கரையில் மடித்துவிட்டு, நாலு அடி பிடித்து நடக்கக்கூடியவர் என்றால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் வீல்சேரில் இருப்பவருக்கு எந்தப் படகு?

இதற்கென்றே கட்டிய படகுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அறக்கட்டளைகள் நடத்துபவை, தன்னார்வலர்கள் கை கொடுப்பவை.

ஷ்ராப்ஷயரில் எல்ஸ்மியர் ஊருக்குப் பக்கத்தில் லைனீல் டிரஸ்ட் என்று ஒன்று, லாங்கொலன் கால்வாய் ஓரத்தில். அந்தக் கால்வாய்க்கு ஒடுங்கிய படகுதான் சரி, அதனால் அந்த ஒடுக்கத்துக்குள்ளேயே மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைச் செய்திருக்கிறார்கள்.

தெற்கே கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் கிரேட் பெட்வின் ஊரிலிருந்து புரூஸ் படகுகள் கிளம்புகின்றன. அது அகலமான கால்வாய், லாக்குகள் 14 அடி அகலம், அதனால் படகையும் அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். லிஃப்டில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளே போகலாம். (பக்கத்திலேயே புரூஸ் டனல் என்று ஒரு சுரங்கம் வரும். அந்த புரூஸ் வேறு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரபு. படகுகளின் பெயர் 1980களில் இந்த முயற்சியைத் தொடங்கிய குடும்பத்தினுடையது. நான் முதலில் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.)

லஃபரோவில் பீட்டர் லே மார்ஷன்ட் டிரஸ்ட், சோர் ஆற்றில், உடல்நலம் மிகக் குன்றியவர்களையும் அழைத்துப் போகிறது. ஹாம்ப்ஷயரில் பேசிங்ஸ்டோக் கால்வாயின் ஓடியமிலும் இப்படி ஓர் அமைப்பு உண்டு.

என்னைக் கேட்டால், வீல்சேர் முழுநேரத் தேவை என்றால் முதல் தேர்வு அகலப் படகு. பிரிண்ட்லியின் குறுகலான கால்வாய்களில் ஒரு அழகு இருக்கிறது, சரி. ஆனால் கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப முடிகிறது என்பது அதைவிடப் பெரிய அழகு. அகலப் படகு ஒடுங்கிய லாக்குகளுக்குள் போகாது என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பாதையைப் போடுங்கள்.

இந்தப் படகுகள் எண்ணிக்கையில் குறைவு. கோடைக்கு வேண்டுமென்றால் முந்தைய குளிர்காலத்திலேயே பேசிவிடுங்கள்.

அம்மா ஊரிலிருந்து வருகிறார். வீல்சேர் இல்லை, முழங்கால்தான். சமாளிப்பாரா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அம்மா வீட்டில் எதைச் செய்கிறார் என்று பாருங்கள். கைப்பிடி பிடித்துக்கொண்டு பின்னோக்கி மாடிப்படி இறங்குவாரா? குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைப்பாரா? தாழ்ந்த சோபாவிலிருந்து தானாக எழுந்து நிற்பாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சமாளித்துவிடுவார். ஒன்றுக்கு இல்லை என்றால் யோசியுங்கள். இரண்டுக்கு இல்லை என்றால் மேலே சொன்ன படகுகளுக்குப் போங்கள்.

பின்னோக்கி இறங்குவது முக்கியம். படகுப் படியில் முன்னோக்கி இறங்கினால் பிடிக்க இடம் இருக்காது, தலையும் மூடியில் இடிக்கும். என் மாமியாருக்கு முதல் நாள் இது பெரிய கௌரவப் பிரச்சினையாக இருந்தது. இரண்டாம் நாள் எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்.

படியைவிட எங்களைப் படுத்தியது கட்டில்தான். நிரந்தர இரட்டைக் கட்டில் பெரும்பாலும் 4 அடி அகலம், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். சுவர்ப் பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு வெளிப் பக்கம், அல்லது தனிக் கட்டில். சாப்பாட்டு மேசையை இறக்கிச் செய்யும் கட்டிலைக் கொடுக்காதீர்கள்: தாழ்வாக இருக்கும், தினமும் பிரித்துப் போட வேண்டும்.

அப்புறம் கரை. படகு எப்போதும் கரையை ஒட்டி நிற்காது. ஓரத்தில் ஆழம் குறைந்தால் அரை மீட்டர் தள்ளி நின்றுவிடும், அங்கே பலகை போட்டு நடக்க வேண்டும். வயதானவரோடு போகும்போது கான்கிரீட் ஓரமோ இரும்புத் தகட்டு ஓரமோ உள்ள இடத்தில் மட்டும் கட்டுங்கள். ஊர்களுக்குப் பக்கத்தில் விருந்தினர் படகுகளுக்கென்றே அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. மாலை 4 மணிக்கே தேட ஆரம்பித்துவிட்டால் கிடைக்கும். 7 மணிக்குத் தேடினால் புதர்தான்.

படகுக்காரரிடம் போனில் என்ன கேட்க வேண்டும்?

"உங்கள் படகு வசதியானதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். ஓரிடத்தில் "ஓ, தாராளமாக" என்றார்கள். போய்ப் பார்த்தால் வசதி என்பது படிக்குப் பக்கத்தில் அடித்திருந்த ஒரு கைப்பிடி. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர்கள் வைத்திருந்த அர்த்தம் வேறு.

செ.மீ. கணக்கில் கேளுங்கள். ஒவ்வொரு படியின் உயரம், முன்கதவின் அகலம், நடைவழியில் மிகக் குறுகிய இடம், கழிப்பறைக் கதவு, கட்டிலின் உயரம், ஷவருக்குள் ஏற வேண்டிய விளிம்பு. லிஃப்ட் இருந்தால் அது எத்தனை கிலோ தாங்கும் என்பதும் வேண்டும். பேட்டரி நாற்காலியும் ஆளும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அளவு தெரியாது என்றால், டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள், படமும் கேளுங்கள். நல்ல இடத்தில் மறுநாளே அனுப்புவார்கள். சலித்துக்கொள்கிற இடத்தில் வாடகைக்கு எடுக்காதீர்கள். உங்கள் அளவுகளையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நேரில் ஒரு முறை போய்ப் படகில் ஏறி இறங்கிப் பார்ப்பதே உத்தமம்.

லாக் என்றால் பயமாக இருக்கிறது. அங்கே என்னதான் நடக்கும்?

மேட்டுத் தண்ணீருக்கும் பள்ளத் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை மூடி, மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றவோ இறக்கவோ செய்வார்கள். மதகைத் திறக்க விண்ட்லாஸ் என்ற கைச்சாவி. கதவைத் திறக்க நீளமான உத்திரத்தை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். கதவு டன் கணக்கில் கனம். இது நல்ல உடல் பலம் உள்ளவர்களின் வேலை, இரண்டு பேராவது வேண்டும்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நடக்க முடியாதவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, ஆரோக்கியமானவர் ஓட்டுவார் என்று திட்டம் போடுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். திருப்பும் தடியைப் பிடிப்பதற்குக் கால் பலம் வேண்டாம், நிதானம்தான் வேண்டும். லாக் வேலையை மற்றவர்கள் பார்க்கட்டும், அவர் கேப்டனாக இருக்கட்டும். சிறப்புப் படகுகள் சிலவற்றில் நாற்காலியில் இருந்தபடியே ஓட்ட வசதி உண்டு, முன்பதிவின்போதே கேளுங்கள். சாதாரணப் படகில், பின்தளம் விசாலமான குரூஸர் வகையாக எடுத்து, பக்கத்தில் ஒரு உயரமான ஸ்டூல் போடலாம். தடி வீசும் வட்டத்துக்குள் மட்டும் யாரும் உட்காரக்கூடாது. சுக்கான் எதிலாவது இடித்தால் தடி ஆளையே தண்ணீரில் தள்ளிவிடும்.

லாக் நடக்கும்போது படகு முட்டும், ஆடும். உள்ளே இருப்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அடுப்பில் எதுவும் கொதிக்கக்கூடாது, வீல்சேருக்கு பிரேக். கீழே இறங்கும் லாக்கில் பின்கதவுப் பக்கம் சில் என்று ஒரு கல் திண்டு தண்ணீருக்குள் மறைந்திருக்கும். படகின் பின்புறம் அதில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் இறங்க இறங்கப் படகு சாய்ந்துவிடும். பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். சட்டென்று எழுந்து வெளியேற முடியாதவர் படகில் இருக்கும்போது இந்தக் கோட்டை இரண்டு பேர் பார்க்கட்டும்.

லாக்கே இல்லாத கால்வாய் உண்டா?

உண்டு, முதல் தடவைக்கு நான் சொல்வது அதைத்தான். லெஸ்டர்ஷயர் பக்கம் ஆஷ்பி கால்வாய், 22 மைலும் லாக் இல்லாமல், வளைந்து வளைந்து வயல்களுக்கு நடுவே போகிறது. 1485இல் மூன்றாம் ரிச்சர்ட் மாண்ட பாஸ்வொர்த் போர்க்களம் வழியில்தான். வடக்கே லங்காஸ்டர் கால்வாயின் முதன்மைப் பாதை 40 மைலுக்கு மேல் லாக் இல்லாதது.

வேல்ஸில் மான்மத்ஷயர் அண்ட் பிரெக்கன் கால்வாய், சுமார் 35 மைலுக்கு ஆறே லாக்குகள். அதிலும் ஐந்து லாங்கினிடர் என்ற ஒரே இடத்தில் இருப்பதால், அந்தப் பக்கம் போகாமலே இருபது மைலுக்கு மேல் சுற்றலாம். மலைச்சரிவை ஒட்டியே போகும் பாதை. காட்சிக்கு இதை மிஞ்ச முடியாது.

லாங்கொலன் கால்வாயும் நல்லதுதான். லைனீலிலிருந்து மேற்கே போனால் நியூ மார்ட்டனில் இரண்டே லாக், பிறகு பான்ட்கசில்டே நீர்ப்பாலம். 1805இல் திறந்தது, ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டியில் படகு போகும், 307 மீட்டர் நீளம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும். மறுபக்கம் படகுக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. தலைசுற்றல் உள்ளவரை உள்ளே உட்கார வையுங்கள். மற்றவர்கள் முன்தளத்துக்கு வரட்டும். என் நண்பர் வீல்சேரில் முன்தளத்தில் இருந்தார். நடந்து கடந்த நாங்கள் பார்த்ததைவிட அவர் அதிகம் பார்த்தார்.

டிவைஸஸ் பக்கம் கேன் ஹில்லில் 29 லாக்குகள் வரிசையாக வரும். படம் எடுக்கப் போங்கள், படகோடு போகாதீர்கள்.

கழிப்பறை எப்படி?

இரண்டு வகை. ஒன்றில் பெரிய தொட்டி அடியில் இருக்கும், படகுத்துறையில் பம்ப் வைத்து உறிஞ்சிவிடுவார்கள், ஒரு வாரத்துக்கு நாம் தொட வேண்டியதில்லை. மற்றது கேசட். நிறைந்ததும் கழற்றி, குறிப்பிட்ட இடத்துக்குத் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். நிறைந்த கேசட் 20 கிலோ வரும். தூக்க ஆள் இல்லாத குடும்பம் முதல் வகையைத்தான் எடுக்க வேண்டும்.

இருக்கை தாழ்வாக இருந்தால் உயர்த்தும் பிளாஸ்டிக் இருக்கையைக் கொண்டுபோகலாம், ஆனால் படகுக் கழிப்பறையில் அது பொருந்துமா என்று முன்னாலேயே பாருங்கள். கரையோரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகள் பலவற்றுக்கு ரேடார் சாவி வேண்டும். துப்புரவு நிலையங்களுக்கும் மின்சாரத்தால் திறக்கும் பாலங்களுக்கும் வாட்டர்மேட் சாவி. இரண்டும் வேறு வேறு.

பேட்டரி நாற்காலி, சிபேப் இயந்திரம், இன்சுலின், ஆக்சிஜன்?

படகு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவது. எஞ்சின் ஓடும்போது ஏறும், நின்றால் இறங்கும். மற்றப் படகுகள் பக்கத்தில் கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓடவிடக்கூடாது என்பது விதி. ஆகவே நாற்காலியைப் பகலில், படகு போகும்போதே சார்ஜ் போடுங்கள். இன்வெர்ட்டர் அந்த சார்ஜரைத் தாங்குமா என்று வாட் கணக்கில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப், 12 வோல்ட் வயரோடு ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டு ஓடினால் இரவைத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் தனி பேட்டரி ஒன்று கையில் இருக்கட்டும். இன்சுலினுக்குப் படகின் ஃபிரிட்ஜ் போதும், உறையும் பகுதியை ஒட்டி வைக்காமல் இருந்தால் சரி.

ஆக்சிஜனில் மட்டும் விளையாட்டு வேண்டாம். எரிவாயு அடுப்பும் கரி அடுப்பும் சில அடி தூரத்தில் இருக்கும் இடம் அது. ஆக்சிஜன் தருபவரிடமும் படகுக்காரரிடமும் பேசி, இருவரும் சரி என்றால் மட்டும் போங்கள்.

காது கேளாதவர் ஓட்டலாமா?

தாராளமாக. பின்தளத்தில் எஞ்சின் சத்தத்தில் யாருக்குமே சரியாகக் கேட்பதில்லை. லாக்கில் எல்லோரும் கை சைகையில்தான் பேசுகிறார்கள். குருட்டு வளைவுகளில் எதிர்ப் படகு ஊதும் ஹாரன் கேட்காது என்பதால் முன்னால் ஒருவர் நின்று கை காட்டட்டும். புகை, கார்பன் மோனாக்சைடு அலாரங்கள் சத்தம் போடுபவை. அதிரும் தலையணை வகை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புறப்படும் முன் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டையும் பேசிவிடுங்கள்.

பார்வை இல்லாதவருக்கு?

படகுக்குள் தொலைந்துபோக வழியில்லை, எல்லாம் ஒரே கோட்டில். அரைநாளில் மனப்பாடமாகிவிடும். நேரான நீளத்தில் பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல ஓட்டவும் செய்யலாம். ஆபத்து கரையில்தான்: லாக் ஓரத்தில் தடுப்புக் கம்பி கிடையாது, தரையில் கயிறு கட்டும் இரும்புக் குமிழ்கள் காலைத் தடுக்கும். வழிகாட்டி நாயைக் கூட்டிப்போகலாம், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக்கூடாது.

வலிப்பு, மறதிநோய், ஆட்டிசம்?

வலிப்பு வரக்கூடியவர் தனியாகத் தடியைப் பிடிக்கக்கூடாது, தளத்தில் எப்போதும் மிதவைச் சட்டையோடு இருக்க வேண்டும். மறதிநோய் உள்ளவருக்கு நாளுக்கு நாள் இடம் மாறுவது குழப்பம், ஆனால் அறை மாறாது என்பது ஒரு தெம்பு. இரவில் கதவைத் தாழ்போடுங்கள், சாவி உள்ளேயே உங்கள் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், தீ என்றால் தேட நேரம் இருக்காது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு இந்த மெதுவான ஓட்டம் அப்படியே பிடித்துப்போகிறது. சுரங்கங்கள் மட்டும் சோதனை: டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயின் ஹேர்காஸில் சுரங்கத்தில் சுமார் 40 நிமிடம் இருட்டு, எஞ்சின் எதிரொலி, மேலிருந்து சொட்டும் தண்ணீர். பாதையில் சுரங்கம் உண்டா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?

கால்வாய்ப் பாலங்களுக்கெல்லாம் எண் உண்டு. கடைசியாகக் கடந்த பாலத்தின் எண்ணையும் கால்வாயின் பெயரையும் யாராவது ஒருவர் எப்போதும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாங்கள் அதைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டோம், நோட்டுப் போட்டு எழுதினார்கள். 999. பேச முடியாதவர்கள் எஸ்.எம்.எஸ். வழியாகவும் அழைக்கலாம், ஆனால் போனை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999க்கு அனுப்பினால் வழி சொல்வார்கள். பிரிட்டிஷ் சைகை மொழியில் 999 வீடியோ சேவை 2022 முதல் இருக்கிறது.

சட்டம் நம் பக்கமா?

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும், அதற்கான செலவை மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக்கூடாது. 7 அடி லாக்கை எந்தச் சட்டமும் அகலப்படுத்தாது. ஆனால் கூடுதல் கைப்பிடி, எளிதான கட்டுமிடம், நிதானமான பயிற்சி இவற்றையெல்லாம் உரிமையோடு கேட்கலாம்.

ஒரு வாரம் என்பது பெரிய முடிவு. முதலில் சோதித்துப் பார்க்கலாமா?

பாருங்கள். மேலே சொன்ன அமைப்புகளில் பல, ஒருநாள் பயணமும் தருகின்றன. ஸ்காட்லாந்தில் 1978இல் தொடங்கிய சீகல் டிரஸ்ட் மாற்றுத்திறனாளிகளை இலவசமாகவே அழைத்துப் போகிறது. எடின்பரோ பக்கத்தில் ரேத்தோவிலும், ஃபால்கர்க்கிலும் அவர்கள் படகுகள் உண்டு. ஃபால்கர்க்கில் 2002இல் கட்டிய சுழல் சக்கரம் படகைத் தண்ணீரோடு சேர்த்து 24 மீட்டர் தூக்கி மேல் கால்வாய்ப் பக்கம் வைக்கும். என் நண்பர் அந்தச் சக்கரத்தையும் தன் நாற்காலி லிஃப்டையும் பார்த்துவிட்டு, "எனக்குச் சின்னது, படகுக்குப் பெரியது, அவ்வளவுதான்" என்றார்.